வாடகை வீட்டில் அன்றாட இணையத்துக்குக் கையடக்க ஹாட்ஸ்பாட் போதுமா? (வட சென்னை)

தண்டையார்பேட்டை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், தரைத்தளத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். வீட்டிலிருந்தபடியே அமெரிக்க மருத்துவ பில்லிங் வேலை செய்கிறேன். மாலை ஆறரை மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டும் வரை அலுவலக மடிக்கணினி விபிஎன் எனும் பாதுகாக்கப்பட்ட இணைப்பில் இருந்தாக வேண்டும். நடுவில் சில நிமிடங்கள் விட்டுப்போனாலும் மறுபடி உள்நுழைந்து, பாதியில் நின்ற பதிவை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கிறது. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, மகன் பத்தாம் வகுப்பு.

ஃபைபர் இணைப்பு வாங்கலாம் என்றால் வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லை. முன்பு குடியிருந்தவர்களுக்காகக் கேபிள்காரர் சுவரில் போட்ட துளை வழியாக மழைநீர் இறங்கி உள்சுவர் முழுதும் ஊறிப்போனதாம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த ஆண்டு மகனின் பள்ளியைப் பொறுத்து வீடு மாறவும் கூடும்.

இப்போது என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில்தான் எல்லாம் நடக்கிறது. கைப்பேசி கொதிக்கிறது. அதில் இரண்டு சிம்கள் இருப்பதால், இரண்டாவது எண்ணுக்கு அழைப்பு வந்து நான் பேசத் தொடங்கியதும் முதல் சிம்மின் இணையம் நின்றுவிடுகிறது. நான் கடைக்குப் போனால் பிள்ளைகளுக்கு இணையமே கிடையாது. சிம் போட்டால் வைஃபை தரும் கையடக்க ஹாட்ஸ்பாட் கருவி ஒன்றைத் தனியாக வாங்கி அதையே வீட்டின் முழுநேர இணையமாக வைத்துக்கொள்ள முடியுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

காலடிப்பேட்டை:

முடியாது என்பதே என் கருத்து, சகோதரி. காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். 2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்தபோது ஜியோவில் நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் 28 நாள் திட்டம் 299 ரூபாயிலிருந்து 349 ரூபாய் ஆனது. 28 நாள் என்பதால் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். மொத்தம் 4,537 ரூபாய். அதே நிறுவனத்தின் அடிப்படை ஃபைபர் திட்டம் மாதம் 399 ரூபாயும் 18 விழுக்காடு வரியும். ஆண்டுக்கு ஏறக்குறைய 5,650 ரூபாய். இரண்டுக்கும் இடையே ஆயிரத்து நூறு ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் ஒன்றில் 28 நாளுக்குக் கிடைப்பது 56 ஜிபி, மற்றதில் மாதத்துக்கு 3,300 ஜிபி. விநாடிக்கு 30 மெகாபிட் வேகமும் நிலையாக இருக்கும்.

உரிமையாளரிடம் மறுபடியும் பேசிப் பாருங்கள். ஃபைபர் கம்பி மெல்லியது. ஜன்னல் சட்டத்தின் ஓரத்திலோ, சமையலறை வென்டிலேட்டர் வழியாகவோ துளையே போடாமல் கொண்டுவரலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது. கம்பியை ஓரிடத்தில் சற்றுத் தாழ்வாகத் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி உள்ளே விடச் சொல்லுங்கள். மழைநீர் அந்தத் தாழ்விலேயே சொட்டி விழுந்துவிடும், வீட்டுக்குள் வராது. இதை அவருக்கு நேரில் காட்டினால் மனம் மாறலாம்.

திருவொற்றியூர் டவர்க்காரர்:

காலடிப்பேட்டை நண்பர் சொல்லும் கணக்கு சரிதான். ஆனால் சகோதரி கேட்டது வேறு. துளை போட வழியில்லாத, எப்போது மாறுவோம் என்று தெரியாத ஒரு வீட்டில் இது ஓடுமா என்பதே கேள்வி. கைப்பேசி கோபுரங்களின் பராமரிப்புப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், கருவியின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் 150 மெகாபிட் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அது 4ஜியின் நான்காம் வகைக் கருவி ஒன்று, கோபுரம் முழுவதும் தனக்கே கிடைத்தால் எட்டக்கூடிய உச்சம். உங்களுக்குக் கிடைக்கப்போவதைத் தீர்மானிப்பவை இரண்டு: நீங்கள் கருவியை வைக்கும் இடத்தில் சிக்னல் எவ்வளவு, நீங்கள் பயன்படுத்தும் நேரத்தில் அந்தக் கோபுரத்தில் எத்தனை பேர். இந்த இரண்டையும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் இப்போதே அளந்துவிடலாம்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் 'கைப்பேசியைப் பற்றி' என்ற பகுதிக்குள் 'சிம் நிலை' என்று இருக்கும். அதில் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு ஓர் எண்ணாகத் தெரியும். மேலே தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பது ஒவ்வொரு கைப்பேசி நிறுவனத்தின் விருப்பம். எண் -85 அல்லது அதைவிடப் பூச்சியத்துக்கு நெருக்கமாக இருந்தால் நன்று. -100 என்றால் சமாளிக்கலாம். -110-ஐத் தாண்டிவிட்டால் அந்த இடத்தில் எந்தக் கருவியை வைத்தாலும் அடிக்கடி அறுந்துகொண்டே இருக்கும். மூன்று டிபி குறைந்தால் வந்துசேரும் ஆற்றல் பாதியாகிறது என்று பொருள். ஆகவே பரண்மேல் வைத்துப் பார்க்கும்போது -108 என்றும், ஜன்னல் கம்பியருகே -93 என்றும் காட்டினால் அது சிறிய வித்தியாசமன்று; முப்பது மடங்குக்கும் மேல்.

அடுத்தது அலைவரிசை. நம் நாட்டில் 4ஜி பல அலைவரிசைகளில் ஓடுகிறது. 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவர்களைக் கடந்து உள்ளறை வரை வரும், ஆனால் கொள்ளளவு குறைவு. 1800 நடுத்தரம். 2300-இல் கொள்ளளவு அதிகம், வேகமும் வரும். ஆனால் கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினால் தேய்ந்துவிடும். 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலையோ அதைவிடவும் எளிதில் தேயும். நம் பகுதியில் வீட்டோடு வீடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எதிர்வீட்டு மாடி நம் ஜன்னலை மறைக்கிறது. தகரக் கூரைகளும் ஏராளம். இதனால்தான் மொட்டைமாடியில் பறக்கும் இணையம் தரைத்தளத்துக்கு இறங்கியதும் தவழ்கிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அக்கம்பக்கத்தாரிடம் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் உள்ள கைப்பேசிகளைச் சற்று நேரம் கேட்டு வாங்குங்கள். கருவியை எங்கே வைக்க எண்ணுகிறீர்களோ அதே ஜன்னலில் வைத்து, காலையில் ஒரு முறையும் இரவு ஒன்பது மணியளவில் ஒரு முறையும் வேகச் சோதனை நடத்திப் பாருங்கள். இரவு எட்டு முதல் பதினொன்று வரை ஊரே தொடரும் கிரிக்கெட்டும் பார்க்கும் நேரம். உங்கள் வேலை நேரமும் அதுவேதான். காலையில் 25 மெகாபிட் காட்டிய கோபுரம் இரவில் 2 காட்டுவது சாதாரணமாக நடப்பதுதான். பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்க்காமல் பதிவேற்ற வேகத்தையும், பிங் எனப்படும் மறுமொழி நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விபிஎன் வேலைக்கு அவை இரண்டும்தான் முக்கியம். இரவு ஒன்பது மணிக்குப் பதிவிறக்கம் 5, பதிவேற்றம் 2, பிங் 80 மில்லிவிநாடிக்குள் என்று நிலையாகக் கிடைத்தால் தைரியமாக வாங்கலாம் என்பேன்.

கையடக்கக் கருவியின் ஆன்டெனா உள்ளேயே, கைப்பேசியில் இருக்கும் அளவில்தான் இருக்கிறது. கைப்பேசிக்கு வராத சிக்னலை அது எங்கிருந்தும் இழுத்துக் கொண்டுவராது.

பெரம்பூர் விரிவுரையாளர்:

டவர்க்காரர் ஐயா வேகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் அளவைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலான வீடுகளில் தடுக்கி விழுவது அங்கேதான்.

கணக்கு எளிது. விநாடிக்கு 1 மெகாபிட் வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் 3,600 மெகாபிட். எட்டால் வகுத்தால் 450 எம்பி. தெளிவு சற்றுக் குறைவாக உள்ள காணொளி வகுப்பு ஏறக்குறைய இந்த வீதத்தில்தான் ஓடும். அப்படியானால் 2 ஜிபி என்பது ஏறக்குறைய நாலரை மணி நேரம். இது வீட்டில் ஒருவருக்கு. மூன்று பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். ஒதுக்கிய அளவு தீர்ந்ததும் வேகம் 64 கிலோபிட்டாகக் குறைகிறது. அதில் ஒரு மணி நேரம் முழுதும் இழுத்தாலும் 29 எம்பிதான் வரும். வாட்ஸப்பில் எழுத்துச் செய்தி போகும், வேறெதுவும் நடக்காது.

2021-ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஏப்ரல் வரை, இணையவழி வகுப்புகளுக்காகத் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அட்டை வழங்கியது பலருக்கு நினைவிருக்கும். அரசின் எல்காட் நிறுவனம் வழியாக வந்த அந்த அட்டை என் மாணவர்களில் பலருக்குப் பேருதவி. வியாசர்பாடியிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள், தம் முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் வைத்துக்கொண்டால் நாள் முழுதும் தாங்குகிறது என்று தாங்களாகவே கண்டுகொண்டார்கள். ஆனால் சிலருக்கு மட்டும் காலை பத்து மணிக்கே தீர்ந்துவிடும். ஒரு மாணவியின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தபோது காரணம் புரிந்தது: வகுப்பு தொடங்கும் முன்பே செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தன, படத்தொகுப்பு முழுவதும் மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) ஏறிக்கொண்டிருந்தது.

கையடக்க ஹாட்ஸ்பாட்டில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் அது வெறும் வைஃபை. வைஃபை என்றால் அளவில்லாதது என்று எண்ணிக்கொண்டு, சொந்த டேட்டாவில் செய்யத் தயங்கும் வேலைகளையெல்லாம் அவை தாராளமாகச் செய்யத் தொடங்கும். விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்றே ஒரு நாள் ஒதுக்கீட்டை விழுங்கிவிடக்கூடும். ஆகவே கருவியை இணைத்த உடனே, விண்டோஸில் அந்த வைஃபையின் பண்புகளுக்குள் சென்று அதை 'அளவிடப்பட்ட இணைப்பு' (metered connection) என்று குறித்துவிடுங்கள். ஆண்ட்ராய்டிலும் ஒவ்வொரு வைஃபைக்கும் அதே வசதி உண்டு. யூடியூபில் தெளிவை 480-க்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். இவற்றைச் செய்யாமல் ஹாட்ஸ்பாட் வாங்கி, பிறகு டேட்டா நிற்கவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

தங்கள் பில்லிங் வேலையைப் பொறுத்தவரை எனக்குக் கவலை இல்லை. திரையில் எழுத்தும் எண்ணும் மட்டுமே மாறும் வேலை அதிகம் உண்ணாது. பிள்ளைகளின் காணொளிதான் கவலை.

எர்ணாவூர்:

ஃபைபரே தீர்வு என்று சொல்லும் நண்பர்களுக்கு மரியாதையோடு ஒன்று சொல்ல விரும்புகிறேன். எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்கோ குழாய்க்கோ பள்ளம் தோண்டும்போதெல்லாம் கம்பி அறுகிறது. மின்கம்பத்திலிருந்து மின்கம்பத்துக்குக் கட்டித் தொங்கவிட்டிருப்பதை உயரமான சரக்கு லாரி இழுத்துக்கொண்டு போவதும் உண்டு. வந்து ஒட்டித் தருவதற்குள் நாள்கள் ஓடிவிடும். அந்த நாள்களில் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும் அலுவலகத்திடம் என்ன சொல்ல முடியும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இரண்டின் எல்லையும் தெரிந்தது. மின்சாரம் நின்றதும் வீட்டு ஃபைபர் மோடம் அணைந்தது. அதற்கு யூபிஎஸ் வைத்திருந்தவர்களுக்கும் சிறிது நேரத்தில் இணையம் போயிற்று, ஏனென்றால் தெருமுனையில் கேபிள்காரரின் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். அப்போது பவர் பேங்கில் இணைத்த ஹாட்ஸ்பாட் கருவிதான் கைகொடுத்தது. உறவினர்களுக்கு நாங்கள் நலமாக இருப்பதை அதன்வழியே சொன்னோம். பிறகு கோபுரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிவிட்டன. பேட்டரியும் டீசலும் தீர்ந்தால் அவையும் நிற்கத்தானே செய்யும். வெள்ளத்துக்குள் டீசல் எப்படி வந்து சேரும்?

வேலைக்கு இணையத்தை நம்பியிருப்பவர் வீட்டில் இரண்டு வழியும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஃபைபரும் ஹாட்ஸ்பாட்டும் ஒரே நிறுவனத்துடையதாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பழைய வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:

கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஹாட்ஸ்பாட் கருவிகள் என்னிடம் வருவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காக: பேட்டரி உப்பிப்போயிருக்கும். கருவியை மேசைமேல் தட்டையாக வைத்தால் படியாது. விரலால் தட்டினால் பம்பரம்போல் சுற்றும். பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் அதை அழுத்தி மூடவோ, தொடர்ந்து சார்ஜ் செய்யவோ கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. உடனே கழற்றிவிட வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது? இந்தக் கருவிகள் பயணத்துக்காகச் செய்யப்பட்டவை. 2300 எம்ஏஎச் அளவிலான சிறு பேட்டரி, ஐந்தாறு மணி நேரம் ஓடும். பிறகு சார்ஜ் போட வேண்டும். வீட்டில் முழுநேரமும் பயன்படுத்துகிறவர்கள் இரவும் பகலும் சார்ஜரிலேயே விட்டுவிடுகிறார்கள். முழுதாக நிரம்பிய நிலையிலேயே சூட்டோடு மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரி விரைவில் கெடும். சென்னைக் கோடையில் ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் வைத்தால் கேட்கவே வேண்டாம். சில கருவிகள் பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓடும், சில ஓடா. வாங்கும்போதே கடையில் சோதித்துப் பார்த்துவிடுங்கள். ஓடுமானால் வீட்டில் இருக்கும் வேளையில் பேட்டரியைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். ஓடாவிட்டால் காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் சார்ஜரைக் கழற்றிவிடும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அதிவேக சார்ஜர் வேண்டாம். 5 வோல்ட், 1 ஆம்பியர் போதும்.

கடலுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ராயபுரம், காசிமேடு பக்கத்திலிருந்து வரும் கருவிகளில் சார்ஜ் துளைக்குள் பச்சையாகப் படிந்திருக்கும். உப்புக்காற்றில் செம்பு அரிப்பதால் வருவது அது. ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் கண்ணாடிக்கு வெளியே வைக்காமல் உள்பக்கமாக வைப்பது நல்லது.

பழைய கருவி வாங்குவதாக இருந்தால் அது குறிப்பிட்ட நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டதா என்று கேளுங்கள். ஜியோ விற்ற ஜியோஃபை ஹாட்ஸ்பாட் கருவியில் வேறு நிறுவனத்தின் சிம் வேலை செய்யாது. பிஎஸ்என்எல் 4ஜி பயன்படுத்த எண்ணினால் கருவியில் 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28, இருக்கிறதா என்பதை அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பலவற்றில் அது இல்லை.

தண்டையார்பேட்டை வாசகி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டவர்க்காரர் ஐயா சொன்னபடி அளந்து பார்த்தேன். என் சிம்மில் உள்ளறையில் -109, தெருப்பக்க ஜன்னலில் -96. இரவு ஒன்பது மணிக்குப் பதிவிறக்கம் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே ஊசலாடியது, பதிவேற்றம் ஒன்றுகூட இல்லை. மாடிவீட்டு அக்காவிடம் வேறு நிறுவனத்தின் சிம் இருக்கிறது. அதே ஜன்னலில், அதே நேரத்தில் -84 காட்டியது. பதிவிறக்கம் 11, பதிவேற்றம் 4, பிங் 50-ஐ ஒட்டி. ஒரே ஜன்னலில் இவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று நான் எண்ணவேயில்லை.

மூன்று ஐயங்கள் இருக்கின்றன. புதிய சிம்மைக் கருவிக்குள் போட்டுவிட்டால் அதற்கு வரும் ஓடிபியை எப்படிப் பார்ப்பது? 5ஜி கருவியாகவே வாங்கிவிடலாமா? ஜன்னலில் கருவியை வைத்துவிட்டு உள்ளறையில் அமர்ந்தால் வைஃபை வந்துசேருமா?

திருவொற்றியூர் டவர்க்காரர்:

நல்ல முடிவு தெரிந்திருக்கிறது, சகோதரி. மாடிவீட்டாரின் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓடிபி: வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்திருக்கும் எண்ணைக் கருவிக்குள் போடவே கூடாது. டேட்டாவுக்கென்றே தனி எண் வாங்குங்கள், அதுவும் உங்கள் பெயரிலேயே. ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகள் வரை வைத்துக்கொள்ளலாம். எத்தனை இருக்கின்றன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். பெரும்பாலான கருவிகளின் நிர்வாகப் பக்கத்தில் (உலாவியில் திறக்கும் அமைப்புகள் பக்கம்) வந்த குறுஞ்செய்திகளைப் படிக்க முடியும். அந்தப் பக்கத்துக்குள் முதன்முறை நுழையும்போது அதன் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் இரண்டையும் மாற்றிவிடுங்கள். ஆலையில் வைத்த நிர்வாகக் கடவுச்சொல் அந்த மாதிரிக் கருவி எல்லாவற்றுக்கும் ஒன்றே. வைஃபை கடவுச்சொல்லோ கருவியின் முதுகில் ஒட்டியிருக்கும், ஜன்னலில் வைத்தால் தெருவுக்கே தெரியும். நெருக்கமான சந்தில் பத்து வீட்டுக்கு உங்கள் வைஃபை எட்டும்; ஒருவர் நுழைந்தாலும் 2 ஜிபி அரை மணியில் போய்விடும்.

5ஜி: 2022 அக்டோபர் 1 அன்று நாட்டில் தொடங்கியபோதே சென்னை முதல் வரிசையில் இருந்தது. ஆயினும் உங்கள் வீடு தரைத்தளம். அந்த அலை ஜன்னல் வரை வருகிறதா என்று 5ஜி கைப்பேசியில் முதலில் பாருங்கள். நிறுவனங்கள் தரும் வரம்பற்ற 5ஜி சலுகையை நம்பி அந்த சிம்மை 4ஜி கருவியில் போட்டால், அது 4ஜி ஒதுக்கீட்டில்தான் கழியும் என்பதையும் கவனியுங்கள். 2023 செப்டம்பர் 19-இல் சென்னை உட்பட எட்டு நகரங்களில் தொடங்கிய, 5ஜி அலை வழியாக வீட்டுக்கு இணையம் தரும் ஜியோ ஏர்ஃபைபர் போன்றவற்றுக்கு மொட்டைமாடியில் ஒரு பெட்டி பொருத்த வேண்டும். கம்பியும் கீழே இறங்க வேண்டும். மறுபடியும் உரிமையாளரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

வைஃபை: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் (சேனல்கள்) 1, 6, 11 என மூன்றே. சுற்றியுள்ள வீடுகள் எல்லாம் அவற்றுக்குள்தான் நெருக்குகின்றன. கருவியிலிருந்து ஒரு சுவர் தள்ளி அமர்ந்தாலே இணையம் நன்றாக இருந்தும் வைஃபை தடுமாறுவதைப் பார்க்கலாம். நிர்வாகப் பக்கத்தில் மூன்று தடங்களையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். அதைவிட உறுதியான வழி, உங்கள் அலுவலக மடிக்கணினியை மட்டும் யூஎஸ்பி கம்பியால் கருவியோடு நேராக இணைப்பது. பல கருவிகள் இதை ஏற்கும். அலுவலகக் கணினி அனுமதிக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போது காற்றில் நடக்கும் நெரிசல் உங்கள் வேலையைத் தொடாது; பிள்ளைகள் வைஃபையில் இருக்கலாம். மேசையை ஜன்னலருகே நகர்த்த முடிந்தால் நகர்த்திவிடுங்கள்.

வியாசர்பாடி மாணவன்:

அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். வீட்டில் ஹாட்ஸ்பாட் ஒன்றுதான், தங்கையோடு பங்கிட்டுக்கொள்கிறேன். பெரிய பாடக் காணொளிகளை வீட்டில் பார்ப்பதேயில்லை. கொளத்தூர் அகரத்தில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் அமர்ந்து படிக்கவும் இடம் இருக்கிறது, இணையமும் இருக்கிறது. அக்கா, உங்கள் மகளுக்கும் மகனுக்கும் இதுபோல் அருகில் ஒரு நூலகமோ படிப்பகமோ கிடைத்தால், வீட்டு டேட்டா உங்கள் வேலைக்கு மிச்சமாகும்.

காலடிப்பேட்டை:

சகோதரி அளந்து எழுதியதைப் படித்தபின் முடியாது என்று நான் சொன்னதைத் தளர்த்திக்கொள்கிறேன். இருப்பினும் பிள்ளைகளுக்கு இந்த 2 ஜிபி போதாது என்பதில் மாற்றமில்லை. கருவியில் ஓடும் சிம் உங்கள் வேலைக்கு மட்டும், பிள்ளைகளுக்கு அவரவர் கைப்பேசித் திட்டம் என்று பிரித்துவிடுங்கள். வீடு மாறும்போது அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஃபைபருக்குச் சம்மதம் கேட்டுவிடுங்கள்.

மணலி மளிகை:

இடையில் ஒரு கேள்வி. கடையில் இரண்டு கண்காணிப்பு கேமரா வைக்க எண்ணுகிறேன். இதே கருவியில் இணைத்து, வீட்டிலிருந்து கைப்பேசியில் பார்க்க முடியுமா? முன்பு ஒருவர், வெளியிலிருந்து இணைய வழிவிடும் போர்ட் ஒன்றைக் கருவியில் திறக்க வேண்டும் என்று சொல்லி முயன்றார், நடக்கவில்லை.

திருவொற்றியூர் டவர்க்காரர்:

அண்ணாச்சி, அந்த முறையில் நடக்காது. கைப்பேசி நிறுவனங்கள் ஒரே பொது இணைய முகவரியை (ஐபிவி4) ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. அதனால் வெளியிலிருந்து உங்கள் கருவியின் கதவைத் தட்ட வழியில்லை. கருவியில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் அது நிறுவனத்தின் எல்லையிலேயே நின்றுவிடும். கேமரா தானாகவே தன் நிறுவனத்தின் வழங்கிக்கு (சர்வர்) வெளியே சென்று இணைந்துகொள்ளும் வகையாக வாங்குங்கள். இப்போது செயலியோடு வரும் வைஃபை கேமராக்கள் பலவும் அப்படித்தான் வேலை செய்கின்றன, போர்ட் எதுவும் திறக்க வேண்டாம்.

ஆனால் பதிவை மேகச் சேமிப்புக்கு இடைவிடாமல் அனுப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். பெரம்பூர் ஐயா சொன்ன கணக்கின்படி ஒரு கேமரா விநாடிக்கு 1 மெகாபிட் வீதம் 24 மணி நேரமும் அனுப்பினால் நாளுக்கு 10.8 ஜிபி. இரண்டு கேமராவுக்கு அதுவே இரட்டிப்பு. பதிவு கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டிலேயே இருக்கட்டும். நீங்கள் திறந்து பார்க்கும்போது மட்டும் டேட்டா செலவாகும். கடையைப் பூட்டிய பிறகு ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் எச்சரிக்கை வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இரவு மின்சாரம் நின்றால் கேமராவும் அணைந்துவிடும் என்பதால், கேமராக்களுக்கும் கருவிக்கும் சேர்த்து ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கிவிடுங்கள்.